டிப் புத்தகத்தில் எழுதாத டீசல்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் விஷயத்தைச் சொன்னபோது, "நல்லதுப்பா, வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வேலையை விடப்போவதாகச் சொன்னாய். ரேவதியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதக் கப்பலில் வந்துவிடுவதாகச் சொன்னாய். சென்னையில் மூச்சு முட்டுகிறது, தீவுக்கே வந்து சௌல்தாரியில் நம் மனையின் மேல்பக்கம் இரண்டு ரூம் போட்டுக்கொள்கிறேன், சொந்த வீடு இருக்கிறது, சொந்தக் கிணறு இருக்கிறது, யாழினி மண்ணில் விளையாடி வளரட்டும் என்றாய். நான் சொன்ன "நல்லது" பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நாலைந்து தடவை ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் சிக்னல் போய்விடும், எனக்கும் அப்பாடா என்றிருக்கும். காகிதத்தில் சிக்னல் போகாது, எழுத ஆரம்பித்தால் முடித்துத்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு நீ இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. மண்ணுக்கடியில் எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பவர் யார் கையில் கிடைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நம் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீரைச் சோதிக்கும் ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் 'குடிக்கக் கூடாது' என்று இந்தியில் எழுதிவிட்டுப் போனார்கள். வீடியோ காலில் உன் அம்மா எப்போதும் வாசல் பக்கமே நின்று பேசுகிறாளே, நீ கவனித்தாயா? கொல்லைப்புறம் உன் கண்ணில் படக்கூடாது என்றுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் வருகிறது, நீல டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் அதுதான். அவளுக்குத் தண்ணீர் கெட்டது தெரியும். எப்படிக் கெட்டது என்பதில் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நம் வீட்டில் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அப்பா யார்டில் ஸ்டோர் கீப்பர் என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்வாய். ஸ்டோர் என்றால் போல்ட், நட், டயர் எல்லாம்தான், ஆனால் என் முதல் வேலை டீசல். முதலாளி ரோடு காண்ட்ராக்டர் என்பதால் லாரியும் ரோலரும் கல் உடைக்கும் மெஷினும் நாள் முழுக்க டீசல் குடிக்கும். மேட்டில் இருந்த அந்த யார்டில், ஷெட்டுக்குப் பக்கத்தில் மண்ணுக்கடியில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் டீசலை டவுனிலிருந்து டேங்கர் லாரி கொண்டுவந்து அதில் இறக்கும். தொட்டி மண்ணுக்குள் இருப்பதால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. காலையில் போனதும் மூடியைத் திறந்து, அளவு குறித்த நீளக் கம்பியை அடி தட்டும்வரை இறக்கி எடுப்பேன். கம்பி எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் இருப்பு. அதற்கு டிப் எடுப்பது என்று பெயர். கம்பியின் நுனியில் மஞ்சளாக ஒரு பேஸ்ட் தடவிக்கொள்வோம். அடியில் தண்ணீர் நின்றால் அந்த மஞ்சள் சிவந்துவிடும். நேற்று இருந்தது, வந்தது, போனது, இன்று இருப்பது, இந்த நாலையும் டிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கையெழுத்தைப் போட்டேன். நீ படித்ததும், உன் அம்மா கழுத்தில் கிடப்பதும், நம் மனையும் எல்லாம் அந்தக் கையெழுத்தில் வந்தவைதான். மனைகூட யார்டுக்குக் கீழே, சரிவில், முதலாளியே பார்த்துக் கொடுத்தது. கிணறு வெட்டியபோது பதினெட்டு அடியிலேயே ஊற்று பீறிட்டது. ராமநாதபுரத்துக்காரன் எனக்குத் தண்ணீரைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. மேட்டில் இருப்பதெல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும் என்று அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

எத்துவாவை உனக்கு நினைவிருக்கிறதா? டேங்கர் லாரி ஓட்டிய ராஞ்சிக்காரர். கிறிஸ்துமஸ் வந்தால் நம் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையப் பலகாரம் கொடுத்தனுப்புவார். நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், டிப்பில் டீசல் குறைய ஆரம்பித்தது. ஒரு வாரம் நாற்பது லிட்டர், ஒரு வாரம் அறுபது. நான் உள்ளதை உள்ளபடி சிவப்பு மையில் 'குறைவு' என்று எழுதினேன். முதலாளி புத்தகத்தைப் பார்த்தார், டேங்கரைப் பார்த்தார், "வழியில இறக்கி வித்துட்டு வர்றான்" என்று முடிவு கட்டிவிட்டார். எத்துவா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "ஸ்டோர் பாபு, மை நஹி லியா" என்றார். நான் எடுக்கவில்லை என்று அந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் டிப்புல வந்ததைத்தான் எழுதுவேன் பாய், என்னை என்ன பண்ணச் சொல்ற" என்றேன். அன்று மாலையே அவரிடம் சாவியை வாங்கிவிட்டார்கள். திருடன் என்று பெயர் ஆகிவிட்டதால் டவுனில் எவரும் வண்டி கொடுக்கவில்லை. குடும்பத்தோடு, தெற்கே கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பேக்குக் கப்பல் ஏறினார். அவர் பெண்டாட்டி யார்டு கேட்டில் வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதமும் டீசல் குறைந்தது, தம்பி. எத்துவா இல்லை, வேறு டிரைவர், வேறு வண்டி. ஆனாலும் குறைந்தது. முதலாளியிடம் போய், "அது எத்துவா இல்லீங்க, இப்பவும் குறையுது" என்றேன். "அப்ப இவனும் எடுக்கிறான். ஒரு மாசம் பாரு, இவனையும் அனுப்பிடலாம்" என்று டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார். புது டிரைவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அன்று திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். குறைந்ததை எழுதவில்லை. ஒவ்வொரு லாரிக்கும் ஊற்றிய டீசலில் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் கூட்டி எழுதினேன். வாரக் கடைசியில் குறைவு மறைந்துவிட்டது. முதலாளிக்கும் சந்தோஷம், டிரைவருக்கும் வேலை நிலைத்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். எனக்கு அதில் ஒரு பைசா இல்லை, சத்தியமாக இல்லை. எத்துவாவுக்குச் செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துத்தான் செய்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், என் புத்தகத்தில் ஒரு சொட்டு டீசல்கூடக் குறையவில்லை.

தொட்டிதான் ஓட்டை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இங்கே அடிக்கடி பூமி லேசாக ஆடும், நாம் பாத்திரம் குலுங்கியதும் வாசலுக்கு வந்து நின்றுவிட்டு உள்ளே போவோம். மண்ணுக்குள் கிடக்கும் பழைய இரும்பு எங்கே போய் நிற்கும்? மழைக்காலம் வந்தால் கம்பியின் நுனி சிவந்துகொண்டே வரும். வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்தால்தான் அப்படி ஆகும். வெயில் காலத்தில் சிவப்பு இருக்காது, டீசல் குறையும். உள்ளே வருகிற வழியில்தானே வெளியேயும் போகும்? இதைப் புரிந்துகொள்ள இஞ்சினியர் படிப்பு வேண்டுமா என்ன? ஒரே ஒரு தடவை முதலாளியிடம் சொன்னேன். "தொட்டியைத் தோண்டிப் பார்க்கணும்ங்க" என்றேன். "புதுத் தொட்டி மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வரணும், கிரேன் வேணும், யார்டை மாசக்கணக்கா மூடணும். கணக்குதான் சரியா இருக்கே? உன் புக்கிலேயே குறைவு இல்லையே, அப்புறம் ஓட்டை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். நான் எழுதிய புத்தகத்தை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார். நான் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். கல்யாணம் திருச்சியில் முடிந்து, வரவேற்பு நம் வீட்டில் வைத்தோம் அல்லவா. அதற்கு இருபது நாள் முன்னால் கிணற்றில் லேசாக ஒரு வாடை. வாளியை மேலே இழுக்கும்போது தெரியும், வாளியைக் கீழே வைத்தால் தெரியாது. விசேஷம் வந்தால் கிணற்றை இறைத்துத் தூர் வாரிப் புதுத் தண்ணீர் ஊற விடுவது நம் ஊர்ப் பழக்கம். நானும் அதையே செய்தேன். சாதாரண மோட்டார் போதாது என்று யார்டிலிருந்து குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் எடுக்கும் பெரிய மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்தேன். மூன்று நாள் பகல் முழுக்க ஓடியது. ஊற ஊற இறைத்தேன். சுற்றியிருக்கும் மண்ணில் எங்கெங்கோ மெதுவாக நகர்ந்துகொண்டிருந்ததை எல்லாம் நானே உறிஞ்சி நம் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டேன் என்று பின்னால் சோதனைக்கு வந்த ஆபீஸ் இஞ்சினியர் பெண் சொன்னாள். அப்படியே விட்டிருந்தால் நம் கிணற்றுக்கு வந்து சேர இன்னும் பல வருடம் ஆகியிருக்குமாம். சுத்தம் செய்வதாக நினைத்து நான்தான் அதை அழைத்து வந்திருக்கிறேன்.

அதோடு போயிற்றா? இறைத்த தண்ணீர் எல்லாம் வாய்க்காலில் இறங்கிப் பக்கத்து மனை வங்காளி மண்டல் தாதாவின் தோட்டத்துக்குப் போனது. கோடைக்காலம், அவர் கத்தரியும் பாகலும் வாடிக்கொண்டிருந்த நேரம். அவர் மண்வெட்டியோடு ஓடி வந்து வாய்க்காலைத் திருப்பிப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சினார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "பாய், தும்னே மேரா கேத் பசா தியா" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். என் தோட்டத்தைக் காப்பாற்றிவிட்டாய் என்கிறார். நானும் பெருந்தன்மையாக, "இருக்கட்டும் தாதா, நம்ம தண்ணிதானே" என்றேன். மூன்றாவது நாள் இறைத்த தண்ணீரில் வெயில் பட்டபோது மேலே வானவில் மாதிரி ஏதோ மினுங்கியது. நான் பார்த்தேன். மோட்டாரிலிருந்து கசிந்த எண்ணெயாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கிணற்றில் பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்காகக் கொட்டினேன்.

நீங்கள் வந்த அன்று உன் அம்மா வழக்கப்படி ரேவதியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், புதுக் குடத்தில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னாள். அந்தப் பெண் இடுப்பில் குடத்தோடு வந்து, ஒரு டம்ளர் மோந்து எனக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை, ஆனால் மெதுவாகக் கேட்டாள்: "மாமா, தண்ணி ஏதோ பெயின்ட் வாசனை அடிக்குதே?" நான் சிரித்துக்கொண்டே, "பிளீச்சிங்மா. நாலு நாள்ல போயிடும், குடி" என்றேன். அவள் குடித்தாள், தம்பி. மாமா சொன்னார் என்று பதினைந்து நாளும் அதைத்தான் குடித்தாள். நீயும் குடித்தாய். பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் குடித்தார்கள். யாழினி வயிற்றில் இருக்கிறாள் என்று நீ போன் செய்த நாளிலிருந்து, குழந்தை முழுசாகப் பிறந்து அழுத சத்தத்தைப் போனில் கேட்கும்வரை நான் பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸ் பெண்ணிடம் மறைமுகமாகக் கேட்டேன், பதினைந்து நாள் குடித்தால் என்ன ஆகும் என்று. "கொஞ்ச நாள்தானே, ஒண்ணும் ஆகாமலே இருக்கலாம். ஆனா உறுதியா யாராலும் சொல்ல முடியாது அங்கிள்" என்றாள். ரேவதியை ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்லிக் கேள். அவள் கேட்டது சரி, மாமா சொன்னதுதான் பொய் என்று அவளிடம் சொல்லிவிடு.

நீங்கள் திரும்பிப் போன பிறகு வாடை கூடிக்கொண்டே போனது. மழை பிடித்த பிறகு மண்டல் தாதா வேலியோரம் வந்து நின்று, "பாய், மேரே குவே மே டீசல் கா ஸ்மெல் ஆதா ஹை" என்றார். அவர் கிணற்றிலும் டீசல் வாடை. அவர் மருமகள் சோற்றைக் கொட்டிவிட்டதாகச் சொன்னார். அவர்தான் டவுனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். நான் கூடப் போனேன், சாட்சி மாதிரி. அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல? முதலாளி அதற்குள் வண்டிகளை விற்றுவிட்டு, எனக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிட்டு, மெயின்லேண்டில் மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று வருகிறது.

அப்போது ஆபீஸிலிருந்து வந்தவள்தான் நான் சொன்ன அந்த இஞ்சினியர் பெண். கோயம்புத்தூர்ப் பக்கம், உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, சேற்றில் முழங்கால் வரை இறங்கி வேலை செய்தாள். தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்தால், அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, சுற்றிலும் இரும்பு உதிர்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றியது எனக்கு. பிறகு கீழே இருந்த மண்ணைத் தோண்டத் தோண்டக் கறுப்பு, தோண்டத் தோண்ட வாடை. எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அவள் என் பழைய டிப் புத்தகங்களை எல்லாம் மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், எப்ப ஒழுக ஆரம்பிச்சுச்சு, மொத்தம் எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சா, எது வரைக்கும் பரவியிருக்கும்னு ஒரு கணக்குப் போட்டுடுவேன். எங்க தோண்டணும், எங்க குழாய் இறக்கணும்னு அதை வச்சுத்தான் சொல்ல முடியும். நீங்க ஒன்பது வருஷமா தினமும் எழுதியிருக்கீங்க. ஒரு நாள்கூடக் குறையலையே, எப்படி?"

"குறைஞ்சுச்சு மேடம். நான்தான் எழுதலை" என்றேன்.

"சரி, வேற நோட்டு ஏதாவது? துண்டுச் சீட்டு? ஞாபகத்துல இருக்கா?"

"இல்ல மேடம்."

அவள் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "இந்த ஒண்ணுதான் அங்கிள் நமக்கு உதவியிருக்கும்" என்றாள். அப்புறம், "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன்? குறைந்தது உண்மை, எவ்வளவு என்று தெரியாது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் எழுதிய முதல் உண்மையான அறிக்கையில் ஒரு எண்கூட இல்லை. கேம்பல் பேயில் எத்துவாவைத் தேடச் சொல்லி ஆள் விட்டேன். அவர் போன வருடமே இறந்துவிட்டாராம். அவர் மகனின் நம்பர் வாங்கி, "உங்க அப்பா திருடலை, தொட்டிதான் ஓட்டை" என்று இந்தியில் சொன்னேன். "எங்களுக்குத் தெரியும், ஸ்டோர் பாபு. உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்று கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன். இந்தத் தடவை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

சுத்தம் செய்வார்கள், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று உன் அம்மா நம்புகிறாள். நானும் அப்படித்தான் நம்பினேன். தோண்டிய மண்ணை யார்டில் குவித்து நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். மெயின்லேண்டில் என்றால் அந்த மண்ணைக் கொண்டுபோய்ச் சுத்தப்படுத்த இடம் இருக்கிறதாம். இங்கே அப்படி ஒரு இடம் இல்லை. காட்டில் கொட்ட முடியாது, கடலில் கொட்ட முடியாது, கப்பலில் ஏற்றவும் வழி கிடைக்கவில்லை. உன்னையும் என்னையும் ஏற்றிவரும் கப்பல் அந்த மண்ணை ஏற்றாது. வருடத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ஒரு தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும்? கயிறு அறுந்துவிடுகிறது. நான் தினமும் காலையில், முன்பு டிப் எடுக்கப் போன அதே நேரத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வருகிறேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என்னால் ஆனது அவ்வளவுதான்.

நிலத்தடித் தண்ணீருக்கு ஏழெட்டு இடத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். மேலே மிதக்கும் டீசலை உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின் வந்தது. சில பீப்பாய் நிறைந்தது, கை தட்டலாம் போல இருந்தது. பிறகு மோட்டார் எரிந்துபோனது, சாமான் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அது வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு மாற்றல் வந்துவிட்டது. போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டாள். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "எத்தனை வருஷம் ஆகும் மேடம்?" "மெஷின் ஓடினா ஒரு கணக்கு, ஓடலைன்னா ஒரு கணக்கு. மண்ணுல ஒட்டியிருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா வந்துகிட்டே இருக்கும் அங்கிள். உங்க பேத்தி பெரியவளானா நல்ல தண்ணியைப் பார்க்கலாம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். இப்போது மழை பெய்தால் குழாய்களில் தண்ணீர் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. பார்க்க ஆள் இல்லை.

மண்டல் தாதாவிடம் நானே போய்ச் சொன்னேன். டிப் புத்தகம், மோட்டார், வாய்க்கால் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் தோட்டத்துக் கீரையைச் சந்தையில் இப்போது யாரும் வாங்குவதில்லை. கட்டைப் பார்த்ததும் "சௌல்தாரி கா?", அந்த ஊர்க் கீரையா, என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்களாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாய், உஸ் தின் மைனே ஹாத் ஜோடா தா" என்றார். அன்றைக்கு உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேனே என்றுதான். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு வேலியோரம் வருவதில்லை. இருபது வருடப் பழக்கம், தம்பி. அவர் இருமுவது மட்டும் கேட்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் அப்பன் இல்லையா, வாய் சும்மா இருக்காது. உன் வேலையில் யார் மேலாவது அநியாயமாகப் பழி விழுந்தால், அவனைக் காப்பாற்றுகிறேன் என்று கணக்கில் கை வைக்காதே. எழுந்து நின்று வாயைத் திற. வேலை போனால் போகட்டும். நான் வாயைத் திறக்கப் பயந்துதான் பேனாவைத் திறந்தேன், அதற்கு இரக்கம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். எத்துவாவுக்காக அன்றைக்கே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவர் வேலையும் போயிருக்காது, தொட்டியையும் அன்றைக்கே தோண்டியிருப்பார்கள். முதலாளி சத்தம் போட்டிருப்பார், அதிகம் போனால் என்னை வெளியே அனுப்பியிருப்பார். அந்தச் சத்தத்துக்குப் பயந்தவன் நான். உனக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் வர வேண்டாம். வேலையை எழுதிக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள், முடியாவிட்டால் வேறு பார். கப்பல் டிக்கெட்டை ரத்து செய். மேல்பக்கம் ரூம் போடுகிறாய் என்றாயே, அந்த மேல்பக்கம்தான் யார்டை ஒட்டியிருக்கிறது. அங்கே கடைக்கால் தோண்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். டேங்கர் தண்ணீர் இருக்கிறதே என்று நீ பேசுவாய். தவழ்கிற குழந்தை தம்பி, தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கும். அது மண்ணில் விளையாட வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். இந்த மண்ணில் வேண்டாம். விற்றுவிட்டு நீங்களும் வாருங்கள் என்று சொல்லாதே. தெரிந்துகொண்டே இதை இன்னொருவன் தலையில் கட்டமாட்டேன். நான் இங்கேதான் இருக்க வேண்டும், தார்ப்பாயைக் கட்டவாவது ஒரு ஆள் வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். தச்சரிடம் தொட்டில் சொல்லியாகிவிட்டதாம், பேத்தி வருவதற்குள் முடித்துவிடுவானாம். சற்று முன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று, "என்னங்க, சீக்கிரம் கிளம்பி வரச் சொல்லி எழுதுனீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதிட்டேன்" என்றேன்.

அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், தம்பி.

உன் அப்பா